எட்டு எம்.எம். விற்றுவிட்டு விற்காத வீடு

பத்திர ஆபீஸ் மெஷினில் பெருவிரலை வைத்து, கேமராவைப் பார்த்து முறைத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் போட்ட ஒரு மனிதர் அதற்குப் பிறகு மனசு மாற மாட்டார் என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் இப்படியும் நம்பினான் என்பதை, வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு சேர்த்துப் பரிமாறுகிறாள் என் மனைவி சாந்தி.

எட்டு எம்.எம். மாதிரி இன்னொரு மனிதர் போடிமெட்டுக்கு இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. இருந்தால் மலை தாங்காது. நாற்பது வருடம் ஏலக்காய்க் கடையில் சல்லடை பிடித்தவர். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் மேலே நிற்கிற காய்தான் முதல் தரம். அதற்குக் கீழே ஏழு, ஆறு என்று மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். மனிதர் காயோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணில் பட்டதையெல்லாம் சலித்தார். கல்யாண மேடையில் மாப்பிள்ளையைப் பார்த்து, "ஆறரை தேறும்" என்பார், பெண்ணின் அப்பா காதில் விழும்படி. ஊசி போட்ட டாக்டரிடமே, "கை எட்டு எம்.எம்., வாய்தான் நாலு" என்று சொல்லிவிட்டு வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் எலக்ட்ரிகல் கடை வைத்தபோது முதல் ஆளாக வந்து, சரக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "ஏழு எம்.எம். நெறம் இருக்கு மாப்ளே, உள்ள விதை பத்தலை."

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பின்னால் வீட்டு ஒப்பந்தத்தில் படித்துத்தான் தெரியும்.

நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, ஆனி முடிவதற்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் எட்டு எம்.எம். தன் வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் போடிமெட்டுக்கு அப்பால் எஸ்டேட்டில் இருக்கிறாள். "இனிமே மக கூடத்தான் மாப்ளே. நீ வெரசா முடி" என்றார். வெரசாக முடித்தேன். கிரய ஒப்பந்தம் பதிவானது. மூன்று மாதத்தில் பத்திரம். அவர் மூட்டை கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். சாவி என்னிடம்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. போய் வயரிங்கை மாற்றி, புது சுவிட்ச் போர்டு அடித்து, கூடத்தில் கடையிலேயே உசத்தியான ஃபேனையும் மாட்டினேன். ஐந்தாம் நாள் போனால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவரிடம் இன்னொரு சாவி இருந்திருக்கிறது. சன்னல் வழியே பார்த்தால், ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தார்.

"மாப்ளே, அந்த வீட்டை நான் குடுக்கலை."

"எந்த வீட்டை?"

"ஒனக்கு வித்தேன்ல, அந்த வீட்டைத்தான்."

"மாமா, ரிஜிஸ்டர் பண்ணிருக்கோம்!"

"பண்ணிருக்கட்டும். ஏலத்துல என்ன நடக்குது? விலை விழுந்த பெறகும் சரக்குக்காரனுக்கு மனசு ஒப்பலைன்னா லாட்டைத் திருப்பிக்கிறதில்லையா? மூட்டை அதுபாட்டுக்குத் தோட்டத்துக்காரன் வீட்டுக்குத் திரும்பிப் போகும். எவனாச்சும் சண்டைக்கு வந்திருக்கானா?"

"வீடு ஏலக்காய் இல்ல மாமா!"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஏலக்காய்க்கே அந்த உரிமை இருக்குல்ல?"

நாற்பது வருடம் ஏல மண்டபத்தில் கண்ட நியாயம். இதற்கு என்ன பதில் சொல்வது? நான் சொன்ன பதில், செருப்பில் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டுத் தெருவில் ஓடியதுதான். கடைக்குப் போய் ஆறு பேருக்குப் போன் செய்தேன். அதில் இரண்டு பேர் ராங் நம்பர். அவர்களிடமும் முழுக்கதையையும் சொன்னேன். ஒருவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

மறுநாள் மகளிடமே நியாயம் கேட்டுவிடுவது என்று பைக்கை மலையில் விட்டேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு வசனம் தயார் செய்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது குளிரில் பல் தந்தியடித்ததில் ஒன்றும் வெளியே வரவில்லை. அந்தப் பெண் பால் விடாத கட்டன் சாயா கொடுத்து உட்காரவைத்தாள்.

"நாலு நாளுதான் இருந்தாரு அண்ணே. நாங்க ரெண்டு பேரும் விடியவே காட்டுக்குப் போயிருவோம். சுத்தி எல்லாரும் மலையாளம். பகல் பூராம் பேச ஆளில்லாம சன்னல்ல மூடுபனியைப் பாத்துட்டு ஒக்காந்திருந்தாரு. அஞ்சாம் நாளு ஜீப்பைப் பிடிச்சு எறங்கிட்டாரு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

நான் மனசில் எக்கச்சக்கமாக வைத்துக்கொண்டேன். அவள் கொடுத்த அரைக்கிலோ மிளகையும் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "கெட்டியா இருக்கு சார். நோட்டீஸ் விடுவோம். மசியலைன்னா கேஸ். அவர் எழுதிக் குடுக்காட்டி கோர்ட்டே எழுதிக் குடுக்கும்." நோட்டீஸ் போன மூன்றாம் நாள் எட்டு எம்.எம். அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கே வந்தார்.

"கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன். என்னன்னு படி மாப்ளே."

படித்தேன். வேறு என்ன செய்வது? 'தவறும் பட்சத்தில் தங்கள் மீது உரிய சட்ட நடவடிக்கை' என்று வருகிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா படி. யாருடா இவன், இம்புட்டுக் கோவக்காரனா இருக்கான்?"

"நான்தான் மாமா."

"நீயா!" மேலும் கீழும் பார்த்தார். "பரவாயில்லையே, எழுத்து எட்டு எம்.எம்.ல நிக்குது." மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் டீக்கடையில் அதை நாலு பேரிடம் காட்டி, "நம்ம மாப்ளே அனுப்புனது" என்று பெருமைப்பட்டாராம்.

கேஸ் போட்டோம். ஆனி முடிந்தது. ஒரு சின்ன மாடி வீட்டுக்கு வாடகைக்கு மாறினோம். கூடத்தின் நடுவே வாஷிங் மெஷின் நிற்கிறது. அதைச் சுற்றித்தான் நடமாட்டம். மழை பெய்தால் சமையலறையில் குடை பிடிக்க வேண்டும். சாந்தி வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டே கேட்பாள்: "ஒங்க எட்டு எம்.எம். நல்லாருக்காரா? ஃபேன் காத்து பத்துதாமா?"

முதல் வாய்தா அன்று பைக்கில் தேனி கோர்ட்டுக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு எட்டு எம்.எம். கையைக் காட்டினார். பழக்கதோஷம், வண்டி நின்றுவிட்டது. "பஸ்சுல ஒரே கூட்டம் மாப்ளே" என்று பின்னால் ஏறிக்கொண்டார். எதிராளி என் தோளைப் பிடித்துக்கொள்ள, அவர் மேல் நான் போட்ட கேஸுக்கு நானே அவரைக் கொண்டுபோய் இறக்கினேன்.

நீதிபதி அவரிடம், "வக்கீல் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா. மாப்ளே ஒருத்தரை வச்சிருக்கான். ஒரு வீட்டுக்கு ரெண்டு வக்கீலு எதுக்கு?"

என் வக்கீல் என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போனார். "சார், கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். அவரை நீங்களே கூட்டிட்டு வராதீங்க. அவர் வராம இருந்தாத்தான் நமக்கு நல்லது."

கூட்டிக்கொண்டுதான் போனேன். நாலு வாய்தா. ஒவ்வொரு தடவையும் இனி அவருக்காக வண்டியை நிறுத்தக்கூடாது என்று சாந்தி தலையில் அடித்துச் சத்தியம் வாங்கி அனுப்புவாள். ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் பஸ் ஸ்டாப்பில் வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நிற்பார். திரும்பும்போது வடையும் டீயும் அவர் செலவு. என் பங்கு வடையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு, "அடுத்த தேதி எப்போ?" என்று ஆசையாகக் கேட்பார்.

ஐந்தாம் வாய்தா அன்று காலையில் போன் வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "காய்ச்சலு மாப்ளே. எந்திரிக்க முடியலை. நீ மட்டும் போயிட்டு வா. என்ன சொன்னாங்கன்னு வந்து சொல்லு."

பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது வண்டி கொஞ்சம் தள்ளாடியது. பின்னால் கனம் இல்லை.

கோர்ட்டில் அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். பதில் இல்லை. என் வக்கீல் காதோரம் குனிந்தார். "ஆளும் வரலை, வக்கீலும் இல்லை. எக்ஸ்பார்ட்டி கேட்டுருவோம் சார். அவர் இல்லாமலே தீர்ப்பு. வீடு ஒங்களுக்கு." வாஷிங் மெஷின், வாளி, குடை எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. சாந்தியும் வந்தாள்.

நான் எழுந்து நின்றேன். "அய்யா, அவருக்குக் காய்ச்சலுங்க. படுத்துக் கெடக்காரு. இன்னொரு தேதி குடுங்கய்யா."

வக்கீல் ஃபைலை முகத்தில் வைத்து மூடிக்கொண்டார். நீதிபதி அடுத்த மாதத்துக்குத் தேதி போட்டார். வரும் வழியில் மாத்திரையும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.