அரை யன்னல் திரை

கரவெட்டி
18.07.1974

மதிப்புக்குரிய கதிரவேலு அண்ணைக்கு,

தம்பி ஆழ்வாப்பிள்ளை எழுதுவது. கொழும்பில் நீங்களும் மச்சாளும் தேக சுகத்துடன் இருக்க வல்லிபுர ஆழ்வாரை வேண்டுகிறேன். இங்கு மீனாம்பிகையின் இடுப்பையும் எங்கள் யன்னலையும் தவிர மற்றதெல்லாம் நலமே.

இடுப்பு விஷயம் தாங்கள் அறிந்ததே. கிணற்றடியில் வழுக்கி விழுந்த நாள் தொடக்கம் என் மனுசி கட்டிலில்தான். எலும்பு பொருந்திவிட்டது, இனி எழும்பி இருக்கப் பழகலாம் என்று டொக்டர் சொல்லியும் அவ சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்தா. எதைக் கேட்டாலும் ஒரு 'ஓம்'தான் பதில். சில நாள் அதுவும் இல்லை. ஒழுங்கையால் போறவாற சனம் நோயாளியைப் புதினம் பார்க்கக்கூடாதென்று, நீங்கள் புறக்கோட்டையில் தெரிந்தெடுத்துத் தந்த அந்தக் கனத்த சிவப்புத் திரையை, உள்சீலையும் சுருக்குக் கரையுமாக, அவவின் அறை யன்னலில் நிலம் தொட இழுத்து மூடி வைத்திருந்தேன். மரியாதையான திரை.

போன கிழமை உங்கள் பெறாமகள், நான் பெற்ற மகள் குணலட்சுமி அதைக் கழற்றிவிட்டாள்! ஏதோ புத்தகத்தில் படம் பார்த்தவளாம். தாயின்ரை பழைய நூல் சீலை ஒண்டை வெட்டி, யன்னலின்ரை கீழ்ப்பாதிக்கு மட்டும், ஒரு சுருக்கும் இல்லாமல் கம்பியிலை கொழுவிவிட்டாள். மேல்பாதி வெறும் வெளி. "என்ன பிள்ளை, யன்னலுக்கு இடுப்பிலை அரைச் சாரம் கட்டியிருக்கிறாய்?" எண்டு கேட்டன். "இப்ப இதுதானப்பா நாகரிகம். வீடெண்டால் கொஞ்சம் காத்தோட்டமா, லேசா இருக்கவேணும்" எண்டாள்.

அண்டைக்குப் பின்னேரமே என்ரை மானம் போச்சு அண்ணை. நான் அந்த அறை அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு தலைக்கு மை பூசுறன், அடுத்த வளவு முத்துக்குமாரு சைக்கிளிலை வாறான். சைக்கிளிலை இருக்கிறவனுக்குக் கம்பிக்கு மேலாலை முழு அறையும் தெரியும் கண்டியளோ. காலை ஊண்டி நிண்டுகொண்டு, "ஆழ்வார், பிடரியிலை கொஞ்சம் விட்டுப்போச்சு!" எண்டு கத்துறான். இப்ப வாசிகசாலையிலை எல்லாரும் என்ரை பிடரியைத்தான் பாக்கினம். அடுத்த நாள் பேப்பரிலையிருந்து நிமிர்ந்தால், ஒரு பனையோலைக் கடகம் தனியா யன்னலைக் கடந்து போகுது. போன கடகம் திரும்பி வந்து நிண்டுது. அதுக்குக் கீழை மீன்காரி ஸ்ரெல்லா எட்டிப் பாக்கிறாள். "அக்கா, எப்பிடி இருக்கிறியள்? விளைமீன் கிடக்கு." நான் அவளைப் போகச் சொல்ல முந்தி, சுவர்ப் பக்கத்திலையிருந்து ஒரு குரல்: "செவுளைக் காட்டு பாப்பம்."

மீனாம்பிகை! ஸ்ரெல்லா மீனைத் திரைக்கு மேலாலை நீட்டினாள். "உது நேத்தையான் மீன்" எண்டா இவ. "ஐயோ அக்கா, விடியப் பிடிச்சது!" எண்டாள் அவள். இப்பிடியே கனநேரம். சீலையெல்லாம் மீன் தண்ணி.

இப்ப படலையாலை ஒருத்தரும் வாறேல்லை. யன்னலடியிலை நிண்டு சுகம் விசாரிச்சு, ஊர்க்கதையும் கதைச்சுப்போட்டுப் போகினம். பொறுக்கேலாமல் நேற்று ஒரு போர்வையை மேல்பாதிக்கு ஆணி அடிச்சு விட்டன். அறை இருண்டுது. மீனாம்பிகை போர்வையைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா. "எடுங்கோ உதை. நான் இன்னும் சாகேல்லை" எண்டா.

அண்ணை, அவவின்ரை மரியாதைக்கெண்டுதான் இவ்வளவு நாளும் மூடினனான். அதுக்குள்ளை கிடந்து அவ என்ன நினைச்சவ எண்டு எனக்குத் தெரியாது. அடிக்கேக்கை லேசாப் போன ஆணி, பிடுங்கேக்கை வரமாட்டன் எண்டுது. கடைசியிலை குறட்டாலை இழுத்தெடுத்தன்.

எண்டாலும் ஒரு வீட்டுக்கு ஒழுங்கு வேணும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வரும்போது இஞ்சையும் வந்து, குணலட்சுமிக்கு நாலு வார்த்தை சொல்லி, சிவப்புத் திரையைத் திரும்பப் போடுவிக்கவேண்டும். பெரியப்பா சொன்னால் கேட்பாள்.

மச்சாளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லாரும் நூறு வயது வாழவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத தம்பி
ஆழ்வாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்ட முந்தி மீனாம்பிகை தன்னைப் பிடிச்சு இருத்தச் சொன்னா. தலைகணியைச் சாத்தி இருத்தினம். இருந்து பாத்தவ, ஒழுங்கையிலை போறவையின்ரை தலை தெரிஞ்சாப் போதாதாம், முழு ஆளும் தெரியவேணுமாம். கம்பியை இன்னும் ஒரு சாண் கீழை இறக்கியாச்சு. இறக்கினது நான்தான்.