தர்மிளாவைப் பார்க்க வந்தவர்கள்

கனகராயன்குளத்தில் அன்று காலை தொலைபேசிக் கோபுரம் செத்துப்போயிருந்தது. தர்மிளா கைபேசியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி, மாட்டுக்கொட்டில், மாமரத்தடி என்று வளவு முழுக்கச் சுற்றிவிட்டாள். ஒரு கோடுகூட விழவில்லை. இரண்டு மணிக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு. கேள்வி கேட்கப்போகிறவர்கள் ஜேர்மனியில் இருந்தார்கள்.

உயிரியலில் கலாநிதிப் பட்டம் படிப்பதற்கான புலமைப்பரிசில் அது. இலங்கைக்கு ஒரேயொரு இடம். அவள் விண்ணப்பித்தது இது மூன்றாவது தரம். அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும்.

"முன்வீட்டில வைஃபை இருக்கு. போய்க் கேப்பம் அம்மா."

"கேட்டால் என்னத்துக்கெண்டு கேப்பினம்," என்றார் தாய் விமலேஸ்வரி. "போன ரெண்டு தரமும் வாய் பொறுக்காமல் சனத்துக்குச் சொல்லித்தானே கெட்டது. பிளேன் ஏறுமட்டும் ஒரு ஈ காக்கைக்கும் தெரியப்படாது."

விமலேஸ்வரியைக் குறை சொல்ல முடியாது. நல்ல விசயத்தை முன்கூட்டிச் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்பது அந்த ஊரில் படித்தவர்களுக்கும் உள்ள பயம். வீடு கட்டுவதானாலும் வெளிநாடு போவதானாலும் காரியம் முடியும்வரை வாய் திறக்கமாட்டார்கள். போருக்குள் எத்தனையோ தரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய சனம். கைக்கு வராத ஒன்றைப் பற்றிப் பேச அவர்கள் அஞ்சியதில் என்ன பிழை?

ஆனால் வேறு வழியும் இருக்கவில்லை. மதியம் கடந்ததும் தாயும் மகளும் மடிக்கணினியோடு முன்வீட்டுப் படலையைத் திறந்தார்கள்.

"பிள்ளைக்கு ஒரு சூம் வகுப்பு இருக்கு, அக்கா. எங்கட வீட்டில சிக்னல் இல்லை," என்றார் விமலேஸ்வரி.

முன்வீட்டு இராசமலர் தர்மிளாவை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போன விமலேஸ்வரி, அவளைப் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக அலங்கரித்து வைத்திருந்ததை மறந்தே போனார்.

"வகுப்புக்கு ஆரடி பட்டு உடுத்துக்கொண்டு போறது?"

விமலேஸ்வரிக்கு வியர்த்தது. வாயில் வந்ததைச் சொன்னார். "அது... ஜேர்மனியில இருந்து மாப்பிள்ளை பகுதி, அக்கா. கமராவில பொம்பிளை பாக்கினமாம்."

தர்மிளாவுக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே!" இராசமலர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

அவ்வளவுதான். முன்னறை பெருக்கப்பட்டது. குத்துவிளக்கு வந்தது, வாழைப்பழத் தட்டம் வந்தது. இராசமலர் தன் சங்கிலியைக் கழற்றித் தர்மிளாவின் கழுத்தில் போட்டுவிட்டார். இரைச்சல் கேட்கும் என்று மின்விசிறியை நிறுத்தினார். அவருடைய கணவர் பரமலிங்கம், பல்கலைக்கழகம் முடித்த மகள் வினோஜாவின் படிப்பு மேசையைச் சுமந்துவந்து நடுவில் வைத்துவிட்டு மூலைக் கதிரையில் போய் இருந்தார். அவர் பேசுவதே அபூர்வம்.

"பொம்பிளையைத் தனிய இருத்தப்படாது," என்று இராசமலர் தர்மிளாவுக்குப் பின்னால் இரண்டு கதிரைகளைப் போட்டு, விமலேஸ்வரியையும் இழுத்து இருத்தினார்.

இரண்டு மணிக்குத் திரையில் மூன்று வெள்ளைக்காரர் தோன்றினார்கள். நரைத்த தலையோடு ஒரு பேராசிரியர், இரண்டு பெண்கள். இராசமலர் ஒரு கணம் விறைத்துப்போனார். கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விமலேஸ்வரியின் காதருகே குனிந்தார்.

"இதில மாப்பிள்ளை ஆர்?"

"மாப்பிள்ளை வேலைக்குப் போட்டாராம். இது தாய் தேப்பன்."

"வெள்ளையாய்க் கிடக்கு?"

"தத்தெடுத்து வளத்தவை."

இராசமலர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார்.

தர்மிளா தன் ஆய்வைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். கனகராயன்குளத்து வயல் மண்ணில் நெல்லின் வேரோடு வாழும் பற்றீரியாக்களின் படம் ஒன்றைக் காட்டினாள். வட்டக் கண்ணாடித் தட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள்.

"அதென்ன விமலா?"

"அவள் சுட்ட பலகாரம். சமைப்பாளோ எண்டு கேக்கினம்."

"பூஞ்சணம் பிடிச்ச மாதிரியெல்லோ கிடக்கு."

முன்னால் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. பாடமாக்கி வைத்திருந்த பதில்கள் வியர்வையோடு வழிந்துபோயின. அந்த நேரம் பார்த்துத்தான் பேராசிரியர் கேட்டார்: ஏன் இந்த மண்?

தர்மிளா உள்ளதைச் சொன்னாள். "மீள்குடியேறி வந்த வருடம் எங்கள் வயலில் நெல் முளைத்துக் கருகியது. அடுத்த வருடமும் கருகியது. அதற்கடுத்த வருடம் தானாகவே பச்சை பிடித்தது. யாரும் எதுவும் செய்யவில்லை. அந்த மண்ணுக்குள் யார் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும். சிறுவயதிலிருந்து என்னிடம் உள்ள கேள்வி இது ஒன்றுதான்."

சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

இராசமலரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தர்மிளாவின் தோளுக்கு மேலால் எட்டிக் கமராவுக்குள் முகத்தை நுழைத்தார்.

"தங்கமான பிள்ளை! இவளை விட்டால் உங்களுக்குத்தான் நட்டம், சொல்லிப்போட்டன்!"

விமலேஸ்வரி கண்களை இறுக மூடிக்கொண்டார். அவர் என்ன சொல்கிறார் என்று திரையில் இருந்த பெண் ஒருத்தி கேட்டாள். தர்மிளாவுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "எங்கள் முன்வீட்டுக்காரர். என்னைத் தெரிவுசெய்யச் சொல்கிறார்," என்று மொழிபெயர்த்தாள். மூவரும் சிரித்தார்கள், கையசைத்தார்கள், மறைந்துபோனார்கள். அந்தச் சிரிப்பு நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

தர்மிளா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். இவ்வளவு செய்த மனிசியைப் பொய் சொல்லி ஏமாற்றியாகிவிட்டதே.

"மாமி, உங்களிட்ட ஒரு உண்மை சொல்லவேணும்..."

விமலேஸ்வரி அவளுடைய கையில் கிள்ளினார்.

"இப்ப ஒண்டும் சொல்லாதை பிள்ளை," என்றார் இராசமலர். "முதல்ல முடிவு வரட்டும்."

மூலைக் கதிரையில் இருந்து பரமலிங்கம் மெதுவாக எழுந்தார்.

"பயப்பிடாதை பிள்ளை, நல்ல சனம். முந்தநாள் எங்கட வினோஜாவைப் பொம்பிளை பாத்ததும் இதே மூண்டு பேர்தான்."