ஆறு கோழி, ஆறு முட்டை

மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஐயாவுவின் ஆறு கோழிகளும் கூரைக்கு ரெண்டடி தள்ளி, வெட்டவெளியில் நனைந்துகொண்டே நின்றன. உள்ளே போய் ஒதுங்கலாம் என்கிற அறிவு ஒன்றுக்காவது இருக்க வேண்டுமே!

"உள்ள போங்களேன்லா, சனியனுங்களா!" என்று ஐயாவு குடையோடு ஓடி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொட்டகைக்குள் போட்டார். நாலாவதைப் போடும்போது முதலாவது வெளியே வந்து நின்றது.

"கோழிக்குக் கொடை பிடிக்கிற மனுசன், கல்யாணமான நாள்லேருந்து எனக்கு ஒருநாள் பிடிச்சதில்ல," என்றாள் சரளா, அடுப்படி சன்னலிலிருந்து.

ஐயாவு அஞ்சாவதைத் தூக்கப் போனார். அவர் கவலை அவருக்கு. போன வாரம், வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையை மூடியதும், ஷா ஆலாமிலிருக்கும் மகன் தனேஷ் போன் போட்டான். லகாட் ஊரில் இருக்கும் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு, ரெண்டு பேரும் அவனுடைய பதினேழாவது மாடிக்கு வந்துவிட வேண்டுமாம். பதினேழாவது மாடியில் மனுசன் எங்கே போய் ஒரு மரவள்ளிக் குச்சி நடுவான்? ஐயாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் எஸ்டேட்டுல பொறந்தவன்டா! கடைப்பக்கம் போவாமலே எங்களுக்குப் பொழைக்கத் தெரியும். பின்னால கீரை இருக்கு, மரவள்ளி இருக்கு. ஆறு கோழி வாங்குனா தெனம் ஆறு முட்டை. போதும்லா!"

"சரிப்பா. ஒண்ணாந்தேதியிலேருந்து ஒரு மாசம், தெனம் ஆறு முட்டையப் படம் எடுத்து அனுப்புங்க. ஒருநாள் கொறைஞ்சாலும் பெட்டியைக் கட்டிட்டு வந்துடணும்."

ஆறு கோழி தினமும் ஆறு முட்டை போடும் என்று எந்தக் கோழி சொன்னது? எல்லாம் இந்த வாய் சொன்னதுதான்.

சரளாவோ அன்றைக்கே பெட்டியைக் கட்டி வாசல்கதவோரம் வைத்துவிட்டாள். "எனக்கென்னா? பேரப்புள்ளையக் கொஞ்சிக்கிட்டு ஜாலியா இருப்பேன்," என்றாள். அந்தப் பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் ஐயாவு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மழையில் நனைந்த ஆறும் மறுநாள் தும்ம ஆரம்பித்தன. முட்டை நின்றுபோனது. காம்பாரில் கோழி விற்கும் மகேந்திரனிடம் கொண்டுபோனார்.

"அண்ணே, இது பண்ணையில பொறந்தது. மழைன்னா என்னான்னே தெரியாது. கெட்டியான ஜாதி வேணும்னா இதைக் குடுத்துட்டு, நம்ம கம்போங் நாட்டுக்கோழி எடுத்துக்குங்க. கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

கம்போங் கோழி கெட்டிதான். மழைக்கும் அசையவில்லை, வெயிலுக்கும் அசையவில்லை. பத்தே நாளில் ஆறும் அடைக்கு உட்கார்ந்து, அதற்கப்புறம் எதற்குமே அசையவில்லை. முட்டையை எடுத்துவிட்டால் வெறுந்தரையில் உட்கார்ந்தன. தேங்காய்ச் சிரட்டைமேல் ஒன்று உட்கார்ந்தது. எழுப்பப் போன ஐயாவுவின் கையில் கொத்தாத இடமில்லை. அடை தெளியட்டும் என்று அந்தச் சிரட்டைக் கோழியை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். அது அவர் முகத்தில் சிறகடித்துவிட்டு, ஈரத்தோடு போய் மறுபடியும் சிரட்டைமேல் உட்கார்ந்தது.

"அப்படின்னா காட்டுக்கோழிக் கலப்புதான் அண்ணே," என்றான் மகேந்திரன். "சீக்குக் கெடையாது. தீனி தேவையில்ல. உடும்பே பயந்து ஓடும்."

சொன்னது அத்தனையும் உண்மை. உடும்பு மட்டுமா, பக்கத்து வீட்டு நாயும் பயந்து ஓடியது. ஆறும் பறந்துபோய் ரம்புத்தான் மரத்து உச்சியில் குடியேறின. காலையில் இறங்கி வந்து ஐயாவுவை முறைத்துவிட்டு லாலான் புல்லுக்குள் போய்விடும். முட்டையை எங்கே போட்டதோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். முழங்கை கிழிய நாலு நாள் தேடினார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

விடிந்தால் ஒண்ணாந்தேதி.

வேறு வழியில்லை. சரளா எழுந்திருக்கும் முன்னே மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், சீனியின் மளிகைக் கடையில் நாலு நாட்டு முட்டை வாங்கினார். "யார்கிட்டயும் மூச்சு விடாதேடா சீனி," என்றார். சீனி தலையாட்டினான். கடைக்காரனுக்கு வியாபாரம் நடந்தால் போதும்.

ஆறையும் வைத்தால் சரளா நம்பமாட்டாள், நாலுதான் நியாயமாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. கொட்டகை வைக்கோலில் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் பேப்பர் படிக்க உட்கார்ந்தார். தனேஷிடம் மீதி ரெண்டுக்கு ஒரு பொய் யோசிக்க வேண்டும்.

சரளா போகிற போக்கில் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வந்து, கிண்ணத்தோடு கொட்டகைக்குப் போனாள். திரும்பி வந்து மேசைமேல் வைத்தாள்.

"ஆறு இருக்கு. படம் எடுங்க."

ஐயாவு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஆறு! அப்படியானால் ரெண்டு? அடி சக்கை! கோழி போட ஆரம்பித்துவிட்டது!

அந்தச் சந்தோசத்திலும் நெஞ்சுக்குள் முள் குத்தியது. கட்டின பொண்டாட்டி பேரனைப் பார்க்கத் துடிக்கிறாள், நாம் கடை முட்டையை வைத்து அவளை ஏமாற்றுகிறோமே! சீ, என்ன பிழைப்பு இது? கோழி போடப் போட நம் திருட்டைக் குறைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்.

ஒரு வாரம் தினமும் நாலு வைத்தவர், அதன்பின் மூன்று வைத்தார். சரளா ஆறு கொண்டுவந்தாள். அடுத்த வாரம் ரெண்டு. அப்போதும் ஆறு. அதற்கும் அடுத்த வாரம் பயந்து பயந்து ஒன்றே ஒன்று வைத்தார். அடேயப்பா, அன்றைக்கும் ஆறு!

"பார்த்தியா என் கோழிங்கள! ஜாதின்னா ஜாதி!" என்று மார்தட்டினார்.

"ம்... பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்," என்ற சரளாவின் முகம் வாடியிருந்தது. பாவம், பேரன் நினைப்பு என்று ஐயாவு எண்ணிக்கொண்டார். போன முறை போனில் பேரனிடம், "பாட்டி வருவேன்டா ராஜா," என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து, அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி நாள், சனிக்கிழமை. மத்தியானம் தனேஷ் நேரிலேயே வருகிறான். "தோத்துட்டேன்ப்பா, நீங்க அங்கேயே இருங்க. நாளைக்குப் படம் மட்டும் வரட்டும்," என்று முந்தின நாளே சொல்லிவிட்டான். அன்றைக்கு ஐயாவு ஒரு முட்டைகூட வைக்கவில்லை. கடைசி நாளாவது நேர்மையாக ஜெயிக்க வேண்டும்! சரளா கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட வேகமாகக் கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். திரும்பிவந்து, மூச்சு வாங்க ஆறு முட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

ஆறும் கோழி போட்டது! ஐயாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. படத்தை அனுப்பினார். இனி யார் இந்த வீட்டைப் பூட்டுவது? ஒரு விசயம் மட்டும் பாக்கி. வாயை மூடிக் காப்பாற்றியவனுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? மோட்டாரை எடுத்துக்கொண்டு சீனி கடைக்குப் போனார்.

"சீனி! இனிமே உன் முட்டை எனக்கு வேணாம்லா. ஒரு மாசமா தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஏறி, இன்னிக்கு ஆறும் என் கோழியே போட்டுருச்சி!"

சீனி தராசைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தான்.

"அப்படியாண்ணே? 'கோழி நாளுக்கு நாள் கொறைச்சி இன்னிக்கு ஒண்ணுகூடப் போடல சீனி, என் வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம், அந்த வீட்டை விட்டு என்னால போவ முடியாது'ன்னு அழுதுக்கிட்டே, காலையிலதானே, தெனம் கொறையிறதை வாங்குற அக்கா ஆறு முட்டையும் வாங்கிட்டுப் போனாங்க!"