பெட்டிக்குக் கண் திறப்பு

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எண்ணெய்க் கடைக்காரருக்குக் கொண்டாட்டம், பழக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம், குரங்குகளுக்கும் கொண்டாட்டம். இந்த ஆண்டு அந்த வரிசையில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் ஒளிச்சித்தர். ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு லாட்ஜின் கல்யாண ஹாலில் அவதரித்திருந்தார். சித்தர்கள் குகையில் இருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவருக்கு ஏ.சி. ஓடாவிட்டால் தவம் கைகூடாது.

அவருடைய அற்புதம் ஒரு பெட்டி. உள்ளங்கை அகலம், கறுப்பு நிறம். டிவியோடு ஒயரைச் செருகினால் இன்டர்நெட்டில் படம் காட்டும் செட்டாப் பாக்ஸ். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். ஆனால் கடைப் பெட்டிக்கு ரிமோட் மட்டுமே உண்டு. சித்தர் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு உண்டு, மஞ்சள் கயிறு உண்டு, அருவிச் சாரலில் காட்டி எடுத்த மகிமையும் உண்டு. நனைந்தால் பெட்டி செத்துப் போகும் என்பதால் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டித்தான் சாரலில் காட்டுவார்கள். தண்ணீர் நுழையாத பைக்குள் மகிமை மட்டும் எப்படி நுழைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற ஆளாக இருந்தால் அந்த ஹாலுக்கு ஏன் வரப்போகிறார்?

"நம்ம மனசுல கெடக்கத அப்படியே சொல்லுதாம்லே!" என்ற செய்தி சுரண்டையில் கிளம்பி ஆலங்குளத்தைத் தாண்டிப் போனது. மகளுக்கு வரன் அமையாத கவலையோடு வந்த பூக்கடைக்காரருக்கு, டிவியைப் போட்டதும் 'வரன் அமைய எளிய பரிகாரம்' வந்ததாம். ராயகிரி விவசாயி ஒருவருக்குத் தென்னையில் வெள்ளை ஈ. திரையிலும் வெள்ளை ஈயே வந்து உட்கார்ந்ததாம். அருவியில் குளித்துவிட்டு, தலையில் எண்ணெய் வடிய, ஈரத் துண்டோடு ஜனங்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஹாலை நிறைத்தார்கள்.

சடங்குக்குப் பெயர் கண் திறப்பு. மேடையில் ஒரு பெரிய டிவி, அதனடியில் மூலப்பெட்டி. குறையோடு வந்தவர் தம் போன் நம்பரைச் சொல்லிவிட்டு, போனைப் பித்தளைத் தட்டில் குத்துவிளக்கு முன்னால் வைக்க வேண்டும். சித்தர் மஞ்சள் துணி சுற்றிய ரிமோட்டை எடுத்து, கண்ணை மூடி, எதையோ அழுத்துவார். போன் டிங் என்று ஒலிக்கும். ஆறு எண்கள் வந்து நிற்கும்.

"அதான் உன் அருள் எண். வாய்விட்டுச் சொல்லு" என்பார் சித்தர்.

பக்தர் உரக்கச் சொல்வார். சித்தர் அழுத்துவார். பெட்டி கண் திறக்கும். வாக்கு வந்ததும் காணிக்கை செலுத்தி, வீட்டுக்கு ஒரு குட்டிப் பெட்டி வாங்கிப் போய், இதே முறையில் கண் திறந்துகொள்ளலாம்.

அப்படி வாய்விட்டுச் சொன்னவர்களில் ஒருவர் நல்லக்கண்ணு. ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். போனுக்கு வருகிற ஓடிபி எண்ணைப் பெற்ற தாய் கேட்டாலும் சொல்லாதே என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். சித்தர் முன்னால் கண்ணில் நீர் வழிய அந்த எண்ணை இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை கடவுளுக்குக் காது கேட்டதோ என்னவோ!

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மனைவி ரெங்கம்மாளுக்குச் சினைப்பையில் கட்டி. திருநெல்வேலியில் பார்த்த டாக்டர் அஃப்ரின், கட்டி வளர்வதாகவும் தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார். நல்லக்கண்ணுவின் அக்கா உலகம்மை என்றைக்கோ ஒரு ஆப்பரேஷனுக்குப் போய்த் திரும்பி வராதவர். அரிவாள் வெட்டு, குத்து என்று எத்தனையோ பார்த்த மனிதர், ஆஸ்பத்திரிக் கத்தி என்றதும் ஆடிப்போனார். ரெங்கம்மாள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மதியம் சாப்பிட்டுப் படுத்ததும் போனை எடுத்து, 'ஆப்பரேஷன் இல்லாமல் கட்டி கரைய' என்று தேடித் தேடிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

மூலப்பெட்டி அவருக்கு என்ன காட்டியிருக்கும் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அவருக்குப் புரியவில்லை. 'கத்தி வேண்டாம், கட்டி கரையும்' என்று திரை முழுக்க மூலிகையும் கஷாயமுமாக வந்து நின்றபோது, மேடையிலேயே விழுந்து கும்பிட்டார்.

"தெய்வம் உத்தரவு போட்டுட்டு. கத்தி வைக்கக் கூடாது" என்றார் சித்தர்.

வீட்டுக்கு வந்ததும் நல்லக்கண்ணு முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதியை ரத்து செய்தார். இரண்டாவது வேலையாகக் குட்டிப் பெட்டியை டிவியில் மாட்டினார். இந்த இரண்டுக்கும் நடுவே மனைவியை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"கட்டி என் வயித்துல இருக்கு. உத்தரவு ஒங்க பெட்டிக்கு வருது. இது என்ன கூத்துங்க?" என்றாள் ரெங்கம்மாள்.

"ஏட்டி, அது நம்ம மனசப் படிச்சுட்டு. நான் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கட்டிங்கது அதுக்கு எப்படித் தெரியும்?"

ரெங்கம்மாள் வலியோடு உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியம் கணவர் போனில் முடக்கத்தான் ரசம் பார்த்தால், சாயங்காலம் பெட்டி முடக்கத்தான் காட்டியது. அவர் வேப்பங்கொழுந்து பார்த்த அன்று பெட்டி வேப்பங்கொழுந்தைப் பிடித்துக்கொண்டது. தெய்வத்துக்குச் சொந்தமாக ஒரு யோசனையும் கிடையாதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் அவர் குறட்டை விடுகிற நேரமாகப் பார்த்து அவர் போனை எடுத்து, ஒட்டகம் பற்றிய படங்களாகத் தேடி ஓடவிட்டாள். ஒட்டகம் நடந்தது, ஒட்டகம் தின்றது, ஒட்டகம் குட்டி போட்டது.

சாயங்காலம் பெட்டியைப் போட்டார் நல்லக்கண்ணு. திரையில் ஒட்டகங்கள் வரிசை கட்டி நின்றன.

மனிதர் திடுக்கிட்டார். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ரெங்கம்மா! ஒட்டகப்பால் குடிக்கச் சொல்லுது!"

"அய்யோ, நான்தாங்க ஒங்க போன எடுத்து ஒட்டகம் பாத்தேன்."

"சரி, ஒன்னய எடுக்க வச்சது யாரு?"

தென்காசியில் ஒட்டகப்பால் எங்கே கிடைக்கும் என்று அவர் பழைய சக போலீஸ்காரர்களை எல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார். ரெங்கம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்த மனிதரிடம் வீட்டுக்குள் பேசி இனிப் பயனில்லை, தன் உயிர் போகிற வரைக்கும் இவர் பெட்டியின் மனசைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரிந்துபோயிற்று.

"வெள்ளிக்கெழம என்னயும் கூட்டிட்டுப் போங்க. ஒட்டகப்பால் காலையிலயா ராத்திரியான்னு சாமிகிட்ட நானே கேட்டுக்கிடுதேன்" என்றாள். மனைவிக்கும் பக்தி வந்துவிட்டதென்று நல்லக்கண்ணு பூரித்துப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. ரெங்கம்மாள் கணவரோடு மேடையேறினாள். தட்டில் நல்லக்கண்ணுவின் போன் ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தன் போனை வைத்து நம்பரைச் சொன்னாள்.

"நோய் எனக்குத்தான சாமி? என் போன்ல பாருங்க."

சித்தரின் முகத்தில் லேசாக ஒரு சுருக்கம் விழுந்தது. ஆயிரம் கண்கள் பார்க்கும்போது மறுக்க முடியுமா? அழுத்தினார். ஆறு எண் வந்தது. பெட்டி கண் திறந்தது. 'சினைப்பைக் கட்டி ஆப்பரேஷன், பயம் வேண்டாம்' என்று ஒரு டாக்டரம்மா திரையில் சிரித்தார். பக்கத்திலேயே 'ஆப்பரேஷனுக்குப் பிறகு என்ன சாப்பிடலாம்?' என்று இன்னொன்று. ரெங்கம்மாள் பத்து நாளாகத் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தது இவற்றைத்தான்.

"போன வாரம் கத்தி வேண்டாம்னு சொல்லிச்சு. இந்த வாரம் ஆப்பரேஷன் முடிஞ்சு கஞ்சியே குடிக்கச் சொல்லுதே சாமி?"

"அம்மாவுக்குப் பக்தி பத்தல. கலங்குன மனசுல கலங்குன வாக்குதான் வரும்" என்றார் சித்தர். பழகிய வாய், தடுமாறவில்லை.

"அப்ப பக்தி நெறஞ்ச ஆளு யாரு சாமி?"

சித்தர் முன்வரிசையைக் காட்டினார். ஆலங்குளத்து சுடலைமுத்து, ஒரு வெள்ளிக்கிழமை தவறாதவர், பெருமையோடு எழுந்து நின்றார். "அண்ணாச்சி, ஒங்க போனைக் குடுங்க. ஒங்க பக்தியில என் வயித்துக்கு வாக்கு கேப்போம்" என்று ரெங்கம்மாள் கை நீட்டினாள். சித்தர் வாயைத் திறப்பதற்குள் சுடலைமுத்து போனைத் தட்டில் வைத்து நம்பரைச் சொல்லிவிட்டார்; தாமே காட்டிய ஆள் என்பதால் சித்தர் அழுத்தத்தான் வேண்டியிருந்தது, வந்த எண்ணையும் சுடலைமுத்து பக்தியோடு ஒப்பித்தார்.

திரை முழுக்க ஆடு. 'பரண் மேல் ஆடு வளர்ப்பு.' 'கிடாய்க்கு என்ன தீவனம்?' 'குட்டிகளுக்குக் கழிச்சல் நோய்.'

"ஆட்டுப் பண்ணை வைக்கலாம்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் சுடலைமுத்து, யாரும் கேட்காமலே.

"அப்ப என் வயித்தத் தொறந்தா டாக்டரம்மா ஆட்டுக்குட்டியவா எடுப்பாங்க?" என்றாள் ரெங்கம்மாள்.

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஹாலே சிரித்தது. ரெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "போன்ல நாம என்னத்தப் பாக்கமோ, அது நம்ம கணக்குல சேந்து கெடக்கு. அந்தக் கணக்க இந்தப் பெட்டியில தொறக்கத்தான் ஆறு எண்ணு. நாம பாத்ததையே நமக்குத் திருப்பிக் காட்டுது. கடையில வாங்குன பெட்டியும் இதத்தான் செய்யும், பொட்டு வைக்காமலே செய்யும்" என்றாள்.

"தீட்டு! மேடையில தீட்டு பட்டுட்டு! பெட்டி கோபமா இருக்கு!" என்று கத்திக்கொண்டு சித்தர் ரிமோட்டோடு உள்ளே போகப் பார்த்தார்.

நல்லக்கண்ணு அதுவரை மரம்போல் நின்றிருந்தார். ஒரே கேள்வி, ஒரே பெட்டி, மூன்று வாக்குமூலம். இப்படி மாற்றி மாற்றிச் சொன்ன சாட்சியை ஸ்டேஷனில் அவர் என்ன செய்திருப்பார்? முப்பது வருஷ போலீஸ் புத்தி, காணாமல் போன இடத்திலிருந்து மெல்லத் திரும்பி வந்தது. குறுக்கே போய் நின்று, குடிகாரன் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல ரிமோட்டை வாங்கினார். மஞ்சள் துணியை உருவிப் போட்டார். அங்கே இங்கே அழுத்தியதில் பெட்டிக்குள் கண் திறந்தவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. சுடலைமுத்து, ரெங்கம்மாள், நல்லக்கண்ணு, இன்னும் யார் யாரோ. எல்லாருக்கும் மேலே, முதன்முதலில் பெட்டியைத் திறந்தவர் பெயர் இருந்தது.

"யாருலே இந்த முத்துச்செல்வம்?"

"எங்க சுரண்டையில கேபிள் ஒயர் இழுத்துக்கிட்டுத் திரிஞ்சவன் பேருல்லா அது!" என்று கூட்டத்திலிருந்து மாரித்தாய் என்ற அம்மாள் எட்டிப் பார்த்தாள். தாடியை மனதுக்குள் மழித்துப் பார்த்தாள் போலிருக்கிறது. "ஏ, அவனேதான்! ஏலே முத்துச்செல்வம், எப்பலே சித்தரான?"

நல்லக்கண்ணு அந்தப் பெயரின் மேல் அழுத்தினார். சித்தரின் மனசு, டிவி அகலத்துக்குத் திறந்துகொண்டது. 'செட்டாப் பாக்ஸ் மொத்த விலைக்கு எங்கே கிடைக்கும்?' 'கூட்டத்தை வசியப்படுத்திப் பேசுவது எப்படி?' அவற்றுக்கு நடுவே, ஒன்றல்ல, ஐந்தாறு: 'குடலிறக்க ஆப்பரேஷன் வலிக்குமா?' 'குடலிறக்கம், லேசர் ஆப்பரேஷன் எந்த ஆஸ்பத்திரியில் சிறந்தது?'

ஹாலில் இருந்த கண்களெல்லாம் சித்தரின் வயிற்றுக்குப் போயின.

"ஒனக்கு ஒண்ணுன்னா லேசரு. என் பொண்டாட்டிக்குக் கஷாயம். அப்படியாலே?" நல்லக்கண்ணு அடிக்க ஓங்கிய கையை ரெங்கம்மாள் பிடித்துக்கொண்டாள். கூட்டம் சித்தரைச் சூழ்ந்தது. அருள் எண்ணைச் சொன்ன வாய்களெல்லாம் வேறு பல சொற்களைச் சொல்ல ஆரம்பித்தன. அவற்றை இங்கே எழுத முடியாது. குற்றாலம் ஸ்டேஷனிலிருந்து ஜீப் வந்து சேர்ந்தபோது, அதில் முதல் ஆளாக ஓடிப்போய் ஏறியவர் சித்தர்தான்.

எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது என்று முடித்தால் கதைக்கு நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. "ஆளுதான் கள்ளன், பெட்டியில என்னமோ சக்தி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேர் கையில் கிடைத்த குட்டிப் பெட்டிகளை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

நல்லக்கண்ணு லாட்ஜ் வாசலில் நின்றே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மறுபடி தேதி கேட்டார். டாக்டர் அஃப்ரின் திட்டியதை எல்லாம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார். கட்டி இதற்குள் இன்னும் பெருத்திருந்தது. நல்லவேளை, முற்றிப்போகவில்லை. ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் அவர் பட்ட பாட்டை அவரே ஒருவரிடமும் சொல்லவில்லை. ரெங்கம்மாள் கண் விழித்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுருட்டி" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்துத் தெருக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி, "என்ன இருந்தாலும் மதினி, அந்தப் பெட்டியோட புண்ணியந்தான் ஒங்களக் காப்பாத்திச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரெங்கம்மாள் தையல் வலியோடு தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னயக் காப்பாத்துனது டாக்டரம்மா. வயித்துல இருந்த கட்டிய அவங்க எடுத்துட்டாங்க. மூளையக் கழட்டி அந்தப் பெட்டிக்குள்ள வச்சுட்டு வாற ஆளுகளுக்கு எந்த டாக்டரும் ஆப்பரேஷன் பண்ண முடியாது. அவுங்கவுங்களே போய் எடுத்து மாட்டிக்கிடணும். ஒங்களுது இன்னும் அங்கனதான் கெடக்கு போல, சீக்கிரம் போங்க."