கோணல் அண்ணனின் விரதமும் மாட்டுத்தோல் பந்தும்

உலகத்தில் எதையும் நேராகப் போகவிடுவதில்லை என்று சபதம் எடுத்த ஒரே மனிதர் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்துக் 'கோணல்' அண்ணன்தான். தொழில் ஏர்கான் ரிப்பேர். ஆனால் லெக் ஸ்பின் போடவே பிறவி எடுத்ததாக நம்பினார். பாசார் சந்தையில் ஆரஞ்சைத் தொட்டால் சுழற்றாமல் கீழே வைக்கமாட்டார்.

"வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா வெச்சிட்டுப் போ லா!" என்று பழக்கடை ஆன்டி விரட்டுவார்.

பூப்பந்து, அதாவது பேட்மின்டன், என்றால் சோற்றை மறக்கும் நாட்டில், கிரிக்கெட்டில் மலேசியாவுக்கு ஆடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வயதும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருஷத் தேர்வு ஆட்டத்தை விட்டால் வேறு வாய்ப்பில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பத்துமலைக் கோயிலுக்குக் காவடி நேர்ந்துகொண்டு விரதத்தையும் ஆரம்பித்துவிட்டார். சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை, தோல் செருப்புக்குத் தடை.

தேர்வு நாளன்று அவரைக் கிள்ளான் மைதானத்துக்கு ஏற்றிப் போக நான் காரோடு வந்து நின்றேன். பையைக் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சாவகாசமாகக் கேட்டார்: "செருப்பையே தூக்கிப் போட்டுட்டீங்க. இந்தப் பந்து மட்டும் என்ன, பிளாஸ்டிக்கா? மாட்டுத்தோல் இல்ல?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. உடனே கோயில் குருக்களுக்குப் போன் போட்டார்.

"பந்தைத் திங்கவா போறே?" என்றார் குருக்கள்.

"இல்ல சாமி. ஆனா ஒவ்வொரு பந்துக்கும் விரலை நக்கிட்டுத்தான் போடுவேன். இல்லன்னா பிடி நிக்காது."

பந்தில் எச்சில் படுவதை அப்போது யாரும் தடுக்கவில்லை. குருக்கள் தீர்ப்புச் சொன்னார்:

"நக்காம போடு."

நக்காமல் போட்டார். முதல் பந்து வழுக்கிக்கொண்டு ஆட்டக்காரர் தலைக்கு மேலே போனது. அடுத்தது கீப்பருக்கே எட்டவில்லை. தேர்வாளர்கள் தண்ணீர் குடிக்கத் திரும்பிவிட்டார்கள். அண்ணன் அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து விபூதியை எடுத்து விரலில் தேய்க்க, நடுவர் அங்கிள் ஓடிவந்தார்.

"என்னப்பா அது?"

"விபூதி, அங்கிள்."

"அது எனக்குத் தெரியாதா? பந்துல பூசக்கூடாது. நெத்தில பூசு!"

கடைசியில் கிள்ளான் வெயில்தான் கைகொடுத்தது. விரலைத் துடைத்துவிட்டு, பிடரியில் வழிந்த வியர்வையைத் தொட்டுக்கொண்டு போட்டார். வியர்வை விரதத்தில் சேர்த்தியில்லை. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, வளைந்து வந்து ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தது.

"அதே மாதிரி இன்னொன்னு போடுங்க," என்றார் ஒரு தேர்வாளர். போட்டார். அணியில் எடுத்துக்கொண்டார்கள். தைப்பூசத்தன்று சிரித்த முகத்தோடு காவடி தூக்கினார்.

அவருடைய சர்வதேச வாழ்க்கை ஒரே ஆட்டம். உள்ளூர் மைதானத்தில்தான் நடந்தது. அவர் போட்ட பந்துகளை எதிரணி வேலிக்கு அப்பால் புதருக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தது. என் பக்கத்தில் கொடியோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "நல்லாத்தானே போடறாரு, தம்பி?"

"ரொம்ப நல்லா போடறாரு, அக்கா."

விக்கெட் விழவில்லை. மறுபடி யாரும் கூப்பிடவுமில்லை. அன்றைக்கு நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டி, மறுநாள் ஆபீஸில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். கிரிக்கெட் எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அந்த மனுஷனை மட்டும் ரொம்பப் பிடிக்கும்.