முன்னறையும் முப்பாட்டனார் கத்தியும்

எங்கள் வம்சத்தில் ஆண்களுக்கு இரண்டு சொத்து உண்டு. ஒன்று, தாடை. இன்னொன்று, அந்தத் தாடையை மழிக்கிற கத்தி. தாடை பிறக்கும்போதே வந்துவிடும். கத்தி வர எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆகிவிட்டது.

கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி. முப்பாட்டனார், தாத்தா, அப்பா என்று மூன்று முகங்களைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பெட்டியோடு கையில் வைத்தார். "இனிமே இது உன் பாடுடா" என்றார். கண் கலங்கியிருந்தது. பாவம், பிரிய மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதே நேரம் அம்மா என் மனைவியைச் சமையலறைக்கு அழைத்துப் போய்ப் பத்து நிமிஷம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கத்தியைத் துடைத்து வைக்கிற முறையாக இருக்கும் என்று அதையும் நானே முடிவு செய்துகொண்டேன்.

வீடு திரும்பும்போது என் நெஞ்சு அரை அங்குலம் அகன்றிருந்தது. போன கையோடு பழைய பிளாஸ்டிக் ரேசர்களை எல்லாம் குப்பையில் கொட்டினேன். பரம்பரைக் கத்தி வந்தாயிற்று, இனி குடும்பத் தலைவன் நான்தான். முதல் வேலையாக முன்னறை விவகாரத்தை முடித்துவிடுவது என்று சபதம் செய்தேன்.

விவகாரம் இதுதான். எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற அறை ஒன்றே ஒன்று. அதில் என் சாய்வு நாற்காலியும், என்றாவது பழுது பார்ப்பேன் என்று நான் சேர்த்து வைத்திருக்கும் பதினோரு சுவர்க்கடிகாரங்களும் இருக்கின்றன. மனைவி துணி தைப்பவள். அவளுடைய மிஷின் இருட்டு நடைவழியில் கிடக்கிறது. அதை ஜன்னலோரம் போட வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். இரண்டு வருஷமாக நான் அசைந்து கொடுக்கவில்லை.

அந்தப் பேச்சே இனி இந்த வீட்டில் கூடாது என்று அன்று சாயங்காலம் அறிவித்தேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. கத்தியின் மகிமை என்று பூரித்துப் போனேன்.

திங்கட்கிழமை காலை. நான் வரைபட அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு போடுவேன், மேலதிகாரியே ஒப்புக்கொண்ட விஷயம். பரம்பரைக் கத்தியில் சவரம் செய்துகொண்டு வருவதாக அலுவலகத்தில் எல்லோருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லியிருந்தேன். முகம் முழுக்க நுரை. கத்தியைத் தூக்கினேன். அவ்வளவுதான், முதல் கோடே கோணிக்கொண்டு போனது. காது மடலில் ஒரு துளி ரத்தம்.

வாசலில் மனைவி நின்றாள். "கொடுங்க இப்படி. பட்டுத்துணியையே நூல் பிசகாம வெட்டுறவ நான்."

நாற்காலியில் சாய்ந்தேன். ராஜா என்றால் இதற்கு மேல் என்ன? மனைவி கையால் சவரம். இடது கன்னம் முடிந்ததே தெரியவில்லை. இதையும் அலுவலகத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். கத்தி தொண்டைக்குழிக்கு வந்தது. வந்து, நின்றது.

"அசையாதீங்க. மிஷினை இன்னைக்கு முன்னறைக்கு மாத்திடலாம்னு இருக்கேன். ஆட்சேபணை இருந்தா தலையை ஆட்டுங்க."

நான் ஆட்டவில்லை. எச்சில்கூட விழுங்கவில்லை.

"கடிகாரம் எல்லாம் பரண்ல. சரிதானே?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தேன்.

"உங்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு" என்று கத்தியை எடுத்தாள்.

எடுத்த மறுகணம் துள்ளி எழுந்தேன். இந்தச் சம்மதம் செல்லாது என்று சத்தம் போட்டேன். அவள் கோபப்படவே இல்லை. "சரி, வேணாம்னா விட்டுடறேன்" என்று கத்தியை மடக்கினாள். கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு கன்னம் மாப்பிள்ளை. இன்னொரு கன்னம் மூன்று நாள் தாடி. பிளாஸ்டிக் ரேசர் குப்பையில். பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிஷம். மறுபடி சாய்ந்து உட்கார்ந்தேன்.

அலுவலகத்தில் என் கன்னத்தைத் தடவிப் பார்க்காத ஆளில்லை. கொடுத்து வைத்தவர் என்றார்கள். எதைக் கொடுத்து வைத்தேன் என்று நான் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், ஜன்னலோரம் மிஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் முகத்தில் விழ அவள் தைத்துக்கொண்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தாள், அது வேறு விஷயம். என் சாய்வு நாற்காலி இருட்டு நடைவழியில் நின்றது.

அதில் உட்கார்ந்து அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன்.  முன்னறை மட்டும்தானா என்று அப்பா கேட்டார். அவருக்கு முதல் சவரத்திலேயே சொந்த ஊரை விட்டு அம்மாவின் ஊரில் வந்து குடியேற வேண்டியதாகிவிட்டதாம். அம்மாவுக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தது அவள் மாமியாராம். இன்று காலை பிளாஸ்டிக் ரேசரில், கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையாலேயே மழித்துக்கொண்டதாகச் சொன்னார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. நேற்று அவர் கண் கலங்கியது எதனால் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமேப்பா?"

"ஏண்டா, எங்கப்பா எனக்குச் சொன்னாரா?"