சாமியறையில் மிஸ் டோரா

"இதுக்குள்ள என்ன வைக்கப் போறியள்?" என்று யோகா கேட்டபோது, அவளுடைய கணவர் கௌரிசங்கர் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்றைச் சாமியறைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி முறுக்கிக்கொண்டிருந்தார். மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் இருந்த அந்த வீட்டில் அதை நிறுத்துவதற்கு வேறு மூலை கிடைக்கவில்லை.

"உம்மட நகைக்குத்தான்," என்றார். வாய் தானாகவே பொய் சொல்லிவிட்டது.

உண்மையில் அது துவக்குப் பெட்டி. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் மிஸ் டோரா என்ற மேடைப் பெயரோடு ஒரு பெண் இந்த நாட்டின் கண்காட்சிகளில் ஊரூராகப் போய்க் குறிபார்த்துச் சுட்டுக் காட்டியவள். முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியில் பார்த்தபடியே புருசன் வாயிலிருந்த சிகரெட்டைச் சுட்டு விழுத்துவாளாம். அந்த மனுசன் கிழவனாகித்தான் செத்தான் என்பதே அவளுடைய திறமைக்குச் சாட்சி. அவளுடைய துவக்கு ஏலத்துக்கு வந்ததும் கௌரிசங்கர் முறைப்படி லைசன்ஸ் எடுத்து வாங்கிவிட்டார். சுடுவதற்கு இல்லை. கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மனம் வராத மனுசர் அவர். பூட்டி வைத்துப் பார்ப்பதற்குத்தான். துவக்குக்கும் மிஸ் டோரா என்றே பெயர் வைத்தார். ஆசை யாரை விட்டது?

மனுசியிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கல்யாணம் முடித்த புதிதில் யோகா ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தாள். "துவக்குக்குப் பயந்துதான் நாடு விட்டு வந்தனாங்கள். இந்த வீட்டுக்குள்ள துவக்கு வந்தா, நான் வெளிய போயிடுவன்." சொன்னால் செய்கிறவள். யோகா இல்லாத வீட்டில் ஒரு நாளைக்கூட அவரால் ஓட்ட முடியாது.

நகைக்கு என்று சொன்னால் நகை வரத்தானே செய்யும்? யோகா தன் நகையெல்லாம் எடுத்துத் தந்தாள். பெட்டிக் கதவுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தாள். பூட்டின் திறப்பு தன்னிடமே இருக்கட்டும் என்று அவர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. பிறகு, யாழ்ப்பாணம் போக வெளிக்கிட்ட பக்கத்துத் தெரு நாகேஸ்வரி அன்ரி தன் அட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார். அன்ரிக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. பயணம் போகிற தமிழ்ச் சனத்தின் பதக்கமும் காப்பும் ஒவ்வொன்றாக மிஸ் டோராவின் காலடியில் குவியத் தொடங்கின. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பாவம், சிரித்துச் சிரித்து வாங்கி வைத்தார்.

அப்போதுதான் பொலிஸ் போன் எடுத்தது. துவக்கு ஒழுங்காகப் பூட்டியிருக்கிறதா என்று சனிக்கிழமை காலையில் பெட்டியைப் பார்க்க வருகிறார்களாம். உள்ளே ஊர் நகையைக் கண்டால் என்ன சொல்வார்களோ, யோகா துவக்கைக் கண்டால் என்ன செய்வாளோ என்று அவருக்கு இரண்டு பக்கமும் இடி.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய் வரும்படி யோகாவிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தார். நீங்கள் போங்கோ, நான் வீட்டில் நிற்கிறேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். வேறு வழியில்லாமல் பெரிய ஆயுதத்தை எடுத்தார்.

"உம்மட பேரில சனீஸ்வரனுக்கு நேர்த்தி வைச்சிட்டன், யோகா. நீர்தான் போய் எள்ளெண்ணெய் எரிக்கோணும்."

தெய்வக் காரியத்தை யார் மறுப்பது? யோகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று மணிக்கு முன்பே வந்துவிடுவதாகவும், வந்ததும் அவர் டண்டினொங் சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிவர வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். முருங்கைத் தோட்டத்தையே வாங்கச் சொல்லியிருந்தாலும் அவர் தலையாட்டியிருப்பார்.

கார் தெருமுனை திரும்பியதும் நகைகளை அள்ளி அள்ளிக் குசினி அரிசி வாளிக்குள் புதைத்தார். பாதியிலேயே அழைப்பு மணி அடித்தது. மிச்சத்தை எங்கே வைப்பது? அட்டியலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, காப்புகளைக் கையில் ஏற்றிக்கொண்டு, ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் மோனிகா என்ற பொலிஸ்காரி நின்றாள். சாரமும் பெனியனும் அட்டியலுமாக நின்ற மனிதரை மேலும் கீழும் பார்த்தாள். மெல்பேர்ன் பொலிஸ் காணாத கோலமா? ஒன்றும் கேட்காமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

பெட்டிக் கதவிலிருந்த சந்தனம் எதற்கு என்று மட்டும் கேட்டாள். கூடுதல் பாதுகாப்புக்கு என்றார் அவர். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள், திருகாணியை ஆட்டிப் பார்த்தாள், மிஸ் டோராவின் இலக்கத்தைச் சரிபார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றாள்.

கௌரிசங்கருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யோகா தன்னோடுதான் இருக்கப்போகிறாள் என்ற சந்தோசத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது. சனீஸ்வரனுக்கு இந்தத் தடவை உண்மையாகவே ஒரு நேர்த்தி வைத்தார்.

மோனிகா ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "யோகாவுக்கு மூன்று மணி என்றுதான் சொல்லியிருந்தேன். வந்த கையோடு அவருடைய பெட்டியையும் பார்த்துவிடுகிறேனே. அதில் நான்கு துவக்கு இருக்க வேண்டும்."